அப்பா ஏறி நின்ற பெட்டி

என் அப்பா சபாபதி கிள்ளானில் ஒரு துணிக்கடையில் முப்பத்தொரு வருடம் சேல்ஸ்மேன். தொண்ணூறுகளில் அந்தக் கடை தன் பெயர் அச்சிட்ட பயணப் பெட்டிகளையும் விற்றது. மெரூன் நிறம், மூடியில் மயில். வாங்க வந்தவர் யோசித்தால் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிமேல் ஏறி நிற்பார். எடை தொண்ணூற்றிரண்டு கிலோ.

"ஒடஞ்சா நான்தான் விழுவேன் லா, நீங்க இல்ல!"

ஒருமுறை வழுக்கி விழுந்தார். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மாள் பரிதாபப்பட்டு இரண்டு வாங்கிப் போனார்.

அப்பா விமானம் ஏறியதே இல்லை. கடையில் மிஞ்சிய பெட்டிகளைச் சொந்தக்காரர்களின் கல்யாணங்களுக்குப் பரிசாகக் கொடுத்தே தீர்த்தார். எங்கள் குடும்பத்தில் எது யார் பெட்டி என்று திறந்தால்தான் தெரியும்.

போன மாதம் அப்பா இறந்தார். தகனத்துக்கு மறுநாள் அஸ்தி வாங்கினோம். மண்கலயம் வேனில் உருளும். நான் மெக்கானிக்கல் டெக்னீஷியன். ஸ்பாஞ்சு வெட்டி, வீட்டிலிருந்த பெட்டிக்குள் கலயத்தை அசையாமல் பொருத்தினேன். மோரிப் கடலில் கரைக்க ஏற்பாடு. சாவுக்கு வந்து எங்களோடு தங்கியிருந்த அப்பாவின் தங்கை இராஜம்மா அத்தையை, வழியில் பந்திங்கில் அவர் வீட்டில் விட்டோம். அவர் பெட்டியை மச்சான் யுகேந்திரன் இறக்கி வைத்தார்.

மோரிப்பில் பெட்டியைத் திறந்தேன். நாலு சேலை, ஒரு தைலப் பாட்டில்.

"தம்பி, தண்ணி வத்துது. இன்னும் ஒரு மணி நேரத்துல வெறும் சேறுதான்" என்றார் ஐயர்.

ஸ்பீக்கரைப் போட்டு அத்தையைக் கூப்பிட்டேன்.

"அத்தை, பெட்டி மாறிடுச்சு!"

"தெரியும்டா. குளிக்கலாம்னு தொறந்தேன், அண்ணன் இருக்காரு."

"எங்க வச்சிருக்கீங்க?"

"சோபாவுல. ஃபேன் போட்டிருக்கேன்."

ஐயர் பதறினார். "அஸ்திய வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதும்மா!"

"சும்மா இருங்க சாமி. வீடு கட்டுனதுலேருந்து கூப்பிடுறேன், கடைல லீவு இல்லன்னே சொல்லிட்டாரு. இன்னைக்குத்தான் வந்திருக்காரு. வாசல்லயா நிறுத்துவேன்?"

ஐயர் கடலைப் பார்த்தார். மச்சான் வேனைக் கிளப்பினார்.

நாற்பத்தொரு நிமிடம். அத்தை பெட்டியை மடியில் வைத்து, அதற்கும் சேர்த்து சீட் பெல்ட் போட்டு வந்து சேர்ந்தார். கடல் அதற்குள் வெகுதூரம் போயிருந்தது. கலயத்தைத் தோளில் வைத்துச் சேற்றில் இறங்கினேன். பத்தாவது அடியில் முழங்கால்வரை புதைந்தேன்.

"மெதுவா போடா! அவருக்கு ஒண்ணும் அவசரமில்ல!" கரையிலிருந்து அத்தை கத்தினார்.

தண்ணீர் இடுப்பைத் தொட்டபோது கலயத்தை விட்டேன். திரும்பிப் பார்க்காமல் வரச் சொல்லியிருந்தார் ஐயர். அப்படியே வந்தேன். அத்தை எனக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.