பழைய பெயரைக் கேட்டவர்களுக்கு

செங்கம் சாலையில் நான்கு தங்கும் விடுதிகள், நான் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலை வைத்துத்தான் அறை கொடுக்கின்றன. காலி அறைகளின் பட்டியலை அது காலையில் ஒருமுறைதான் படிக்கும். அதனால் ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துச் சண்டையானது. பௌர்ணமியன்று காலை அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு, கேட்கும்போதெல்லாம் புதிதாகப் பார்த்துச் சொல்லும் ஃபங்ஷன் ஒன்றை வேறு பெயரில் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன்.

உடனே ஒரு விடுதியின் மேலாளர் அக்கா போன் செய்தார்.

“என்னம்மா பண்ணி வச்ச? ஸ்க்ரீன்ல எர்ரர்னு வருது. கிரிவலத்துக்கு வந்தவங்க பையோட நிக்கிறாங்க.”

விடுதிகளின் கணினிகள் பட்டியலின் பழைய பெயரையே கேட்டுக்கொண்டிருந்தன; அது நான் அனுப்பிய நிரல் கோப்பில், அதாவது என் மாட்யூலில், இல்லை. அந்தக் கணினிகள் கேட்கும் பெயரை நேரில் போய்த்தான் மாற்ற முடியும்; போகலாம் என்றால், அன்று தெருவில் வண்டி நகராது.

எப்போதோ படித்தது அப்போது ஞாபகம் வந்தது. மாட்யூலில் இல்லாத பெயரைக் கேட்டால், பைத்தான் கைவிரிக்கும் முன் அங்கே __getattr__ என்ற ஃபங்ஷன் இருக்கிறதா என்று பார்க்கும். நான்கே வரியில் அதை எழுதினேன். பழைய பெயரைக் கேட்டால் புதிய ஃபங்ஷனை ஓட்டி விடையைக் கொடுக்கும். வேறு பெயர் என்றால் பிழை சொல்லும்.

அனுப்பிவிட்டு அக்காவை அழைத்தேன். “இப்ப பாருங்கக்கா.”

“வந்துடுச்சும்மா! இரு, இப்பதான் ஒரு ரூம் குடுத்தேன், அதுக்குள்ள ஒண்ணு கம்மியா காட்டுதே!”

மற்ற மூன்று விடுதிகளிலும் அதற்குள் சரியாகிவிட்டிருந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.