எதிரும் எதிரும் சேர்ந்தால் ஸீரோவாம்

மலேசியாவின் பத்து பாகாட் நகரில் நான் வேலை செய்த துணி ஆலையில் ஒரு மேலாளர் இருந்தார். பொறியியல் பட்டதாரி. அதை அவரும் மறந்ததில்லை, எங்களையும் மறக்க விட்டதில்லை. பட்டமளிப்பு விழாப் படத்தை மேசையில் எங்கள் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தார். தன் முகத்தைத் தானே பார்ப்பதில் அவருக்கு என்ன லாபம்?

நான் துணியின் தரம் பார்ப்பவள். பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஆறில் இயற்பியல் படித்தேன். அதற்கு மேல் போகவில்லை.

சாயம் போடும் பகுதியிலிருந்து கிடங்குக்குப் போக நடுவில் ஒரு வளைவோடு நீண்ட நடைபாதை உண்டு. துணிச் சுருள்கள் ஏற்றிய இரும்பு டிரோலிகளை ஆளுக்கு ஒன்றாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். எதிரே யாராவது வந்தால் காலை ஊன்றிச் சாய்ந்தால் போதும், டிரோலி நின்றுவிடும். ஒரு திங்கட்கிழமை மேலாளர் மூன்று மூன்றாகக் கொக்கி போட்டு இணைக்கச் சொன்னார். பின்னால் இரண்டு பேர் தள்ள வேண்டும், முன்னால் ஒருவர் வழி பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். அந்த ஒருவராகப் பெரும்பாலும் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்காதான் நடப்பார்.

"சார், இத நிறுத்தறது கஷ்டம்," என்றேன்.

"ஏன்? அதே நடக்கற வேகம்தானே லா. ஸ்பீடு ஏறவே இல்லையே."

வேகம் ஏறவில்லைதான். ஆனால் ஓடுகிற ஒவ்வொரு டிரோலியும் தன் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ற இயக்க ஆற்றலோடு வருகிறது. மூன்றைச் சேர்த்துக் கட்டினால் மூன்று பங்கும் கூடும். அத்தனையையும் உறிஞ்சினால்தான் வண்டி நிற்கும். இதை அவரிடம் சொன்னேன். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். நானும் அத்தோடு விட்டுவிட்டேன். அவர் மேல் எனக்கிருக்கும் இளக்காரத்தில் ஒரு துண்டு எனக்கும் சேர வேண்டியது, இதனால்தான்.

மூன்றாவது வாரம் அது நடந்தது. கிடங்குக்குப் போன மூன்று டிரோலிகளும், மறுபடி சாயம் போடத் திரும்பி வந்த மூன்று டிரோலிகளும் வளைவில் நேருக்கு நேர் மோதின. தள்ளியவர்கள் இழுத்துப் பிடித்தும் பயனில்லை. எதிர்ப்பக்கம் முன்னால் வந்தவர் விலகிவிட்டார்; இந்தப் பக்கம் முன்னால் நடந்த அக்கா சுவரோரம் தாவினார். ஒரு கால் மட்டும் நடுவில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. நான் ஓடிப் போனபோது அவர் கத்தவில்லை. "அலமாக், என் செருப்பு எங்கம்மா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து மேலாளர் விபத்தறிக்கையோடு எங்களைக் கூட்டினார். வெள்ளைப் பலகையில் இரண்டு அம்புக்குறிகள் வரைந்தார்.

"பாருங்க. இந்தப் பக்கம் போறது பிளஸ். அந்தப் பக்கம் வர்றது மைனஸ். ரெண்டும் ஒரே வெயிட்டு, ஒரே ஸ்பீடு. மொத்தம் ஸீரோ. அதான் ரெண்டும் மோதின எடத்துலேயே நின்னுருச்சு. எனர்ஜியே இல்ல. அந்த அம்மா சேஃப்டி ஷூ போடல, அதான் பிரச்சினை."

நான் கையைத் தூக்கினேன்.

"எனர்ஜியே இல்லன்னா அந்த இரும்புக் கைப்பிடி எப்படி சார் வளைஞ்சிச்சு?" என்றேன்.

"என்ன?"

"ஸீரோவா வந்து அக்கா கால ஒடச்சிச்சு?"

எழுந்து போய் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினேன். அவர் கழித்தது உந்தத்தை. அதற்குத் திசை உண்டு, எதிரெதிரே வந்தால் கழியும், அது சரிதான். ஆற்றலுக்குத் திசை கிடையாது. வேகத்தை வேகத்தாலேயே பெருக்கும்போது மைனஸ் காணாமல் போய்விடும். ஒரு டிரோலிக்கு ஒரு பங்கு என்றால் அந்த வளைவில் வந்து சேர்ந்தது ஆறு பங்கு. இரும்பு வளைந்ததும், அந்தச் சத்தமும், அக்காவின் எலும்பும் அந்த ஆறிலிருந்து போனவை. பழையபடி ஒற்றை டிரோலிகள் மோதியிருந்தால் இரண்டே பங்கு. அதையும் ஆள் பிடித்து நிறுத்தியிருப்பார்.

அவர் பலகையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீங்க ஃபார்ம் சிக்ஸ்தானே?"

"ஆமா சார். இது ஃபார்ம் ஃபோர் பாடம்."

சாட்சிக் கையெழுத்துக்கு அறிக்கையை நீட்டினார். போட மறுத்தேன். இரண்டு பக்கத்தில் நடந்ததை எழுதி, வளைந்த கைப்பிடியின் படத்தோடு தொழிற்பாதுகாப்பு அதிகாரிகளுக்கு அனுப்பினேன். ஓர் அதிகாரி வந்து நடைபாதையின் இரு முனைக்கும் நடந்து பார்த்தார். ஒரு டிரோலியைத் தள்ளிப் பார்த்தார், பிறகு மூன்றை. மூன்றை நிறுத்தும்போது அவர் காலிலிருந்த சப்பாத்து வழுக்கியது. மறுநாளே கொக்கிகளைக் கழற்றினார்கள். அறிக்கையிலிருந்து சேஃப்டி ஷூ வரியும் போனது. அக்காவுக்கு விடுப்புக் காலச் சம்பளம் கிடைத்தது. ஐந்து மாதம் கழித்துக் கொஞ்சம் சாய்ந்த நடையோடு வந்து லேபிள் ஒட்டும் பகுதியில் உட்கார்ந்தார்.

"அந்தாளு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலமா. வணக்கம்கூட சொல்லல," என்றார்.

எப்படிக் கேட்பார்? அவர் அப்போது வேறு வேலையாக இருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறவர்களுக்கு, ஒற்றை டிரோலி முறையைத் தானே சிந்தித்துக் கொண்டுவந்த கதையைச் சொல்ல ஸ்லைடு படக்காட்சி தயாரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் வருவதற்கு முதல் நாள் மாலை அதை எனக்கு அனுப்பினார். "எழுத்துப்பிழ மட்டும் பாருங்க," என்றார். இரண்டாம் பக்கத்தில் இயக்க ஆற்றலின் சூத்திரத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். வேகத்தின் தலைமேல், வர்க்கம் என்று காட்ட இருக்க வேண்டிய சின்ன இரண்டைக் காணோம்.

எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பினேன். மறுநாள் வந்தவர்கள் அதைப் பார்த்து நன்றாகக் கைதட்டினார்கள்.