சித்தப்பாவின் வியாதி

என் சித்தப்பாவின் வேட்டி மடியில் எப்போதும் ஒரு கேழ்வரகுக் களி உருண்டை இருக்கும். போர்க்காலத்தில் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர் அவர். வழியில் பசியால் செத்துக் கிடந்தவர்களைத் தாண்டி வந்தவர். காலையில் முந்தின நாள் உருண்டையை நாய்க்குப் போட்டுவிட்டு, என் அம்மாவிடம் புது உருண்டை வாங்கித் துணியில் சுற்றி மடியில் முடிந்துகொள்வார். பிறகு ஏர் பூட்டப் போய்விடுவார். உத்தனப்பள்ளிப் பக்கத்தில் அவரைப் போல உழைக்க ஆளில்லை. அந்த முடிச்சைப் பற்றி யாரும் பேசியதுமில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நான் பெங்களூரில் பி.ஏ. சேர்ந்தேன். மனோதத்துவம் என் பாடங்களில் ஒன்று. பெரும்பாலோர் செய்யாததை ஒருவன் செய்தால் அது இயல்பு பிறழ்ந்த நடத்தை என்று ஒரு வரையறை இருந்தது. அதற்கடுத்த பக்கங்களை நான் இன்னும் படித்திருக்கவில்லை. அந்த விடுமுறையில் சித்தப்பாவுக்குப் பெண் கொடுப்பது பற்றிப் பேச குருபரப்பள்ளியிலிருந்து வந்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் அவர் மடியைப் பார்த்து, "அது என்னங்க முடிச்சு?" என்று கேட்டார். "சும்மா, ஒரு வழக்கம்ங்க" என்றார் அப்பா. அதோடு முடிந்திருக்கும். நான்தான் முந்திக்கொண்டு, "வழக்கம் இல்லீங்க, அது மனக்கோளாறு. எங்க பொஸ்தகத்துல இருக்குது" என்றேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர்கள் கை நனைக்காமலே கிளம்பிவிட்டார்கள். மறுநாள் சித்தப்பா உருண்டை வாங்கவில்லை. பாதி உழவில் மாடுகளை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டார். சில மாதங்களில் வாசலைத் தாண்டுவதே நின்றுபோனது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம்.

மிச்சப் பக்கங்களைப் பிற்பாடு படித்தேன். அந்த நடத்தையால் அவன் துன்பப்படுகிறானா, அவன் வேலை கெடுகிறதா, பிறருக்குத் தீங்கு உண்டா, அவன் எதையெல்லாம் கடந்து வந்தவன் என்று கேட்கச் சொல்லியிருந்தது. நான் ஒன்றையும் கேட்கவில்லை. ஊருக்குப் போனதும் அம்மாவிடம் களி உருண்டை வாங்கிக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். "மடியில வச்சுக்குங்க சித்தப்பா. அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

"வேணாம் சாமி. அது வியாதின்னு நீதான சொன்ன" என்றார். குரலில் துளியும் கோபமில்லை.

கோபப்பட்டிருந்தால் இத்தனை வருடம் கழித்தும் இப்படிக் கூசாது. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொல்வார்: "எங்கண்ணன் மகன். பெங்களூருல படிக்கிறான். ஒருத்தருக்கும் தெரியாத என் வியாதிய இவன்தான் கண்டுபுடிச்சான்."