தூக்குப் பாலத்தில் போட்ட மணை

எங்கள் எஸ்டேட்டில் ஒரு தூக்குப் பாலம் இருந்தது. கதையளக்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். மழைக்காலத்தில் மட்டும் ஆறாகிவிடும் ஓடைக்கு மேலே, துருப்பிடித்த இரண்டு சங்கிலிகளில் தொங்கிய பலகைப் பாலம் அது. எந்தக் காலத்துத் துரை கட்டியதோ! அந்த மழையோடு வரும் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் மாலை ஆறு மணிக்கு, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் அதைத் தூக்கிப் பூட்டுவார். பழம் களவு போகாமலிருக்கவாம். தொழிலாளர் குடும்பங்கள் எல்லாம் விடியும்வரை உள்ளேதான்.

எனக்கு எட்டு வயதானபோது அக்கா வயதுக்கு வந்தாள். தாய்மாமன் பச்சைத் தென்னோலை கொண்டுவந்து குடிசை கட்டுவது எங்கள் வழக்கம். அதுவரை அவள் வெளியேதான் இருக்க வேண்டும். ஏற்காட்டுக் குளிரில் தென்னைக்கு எங்கே போவது? சேலத்திலிருந்து மாமா ஓலையோடு கிளம்பியிருந்தார். ஓலையைப் பார்த்ததும் கண்டக்டர்கள் இறக்கிவிடுகிறார்கள் என்று போனில் புலம்பினார். அக்கா விறகுக் கொட்டகையில் நடுங்கிக்கொண்டிருந்தாள். மணி ஐந்தரை.

அம்மா சடங்குக்கு வைத்திருந்த மணையை எடுத்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு போய், பாலத்தின் நட்டநடுவில் அதைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ரைட்டர் வந்தார். "ஏம்மா, எந்திரி. பாலத்தைத் தூக்கோணும்."

"தூக்குங்க. எங்களையும் சேத்தித் தூக்குங்க."

நிஜமாகவே தூக்கிவிடுவார் என்று பயந்து சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். வேலை போய்விடும் என்று ரைட்டர் மிரட்டினார். அப்போது பக்கத்து வீட்டு அத்தை வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தார். போன பருவத்தில் அவருக்குப் பிரசவ வலி வந்தபோது, சாவி வாங்கிப் பாலத்தை இறக்க நெடுநேரம் ஆகிவிட்டது. பாப்பா ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பியிருந்தேன். அத்தையைப் பார்த்து மற்றப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

ஆறரை மணிக்கு எதிர்க்கரையில் ஓர் ஓலைக்கட்டு நடந்து வந்தது. அதற்கு அடியில் மாமா. எங்களைத் தாண்டித் தாண்டிப் போய் அக்காவுக்குக் குடிசை கட்டினார்.

"அதான் வந்துட்டாருல்ல, எந்திரிங்க" என்றார் ரைட்டர். ஒருவரும் அசையவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டில் சடங்குக்குச் சுட்ட இனிப்புக் கச்சாயம் ஆறிக்கொண்டிருந்தது. "வாம்மா, போலாம்" என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ போ கண்ணு. நாங்க சாவிய வாங்கீட்டுத்தான் வருவோம்."

மறுநாள் பழம் பறிக்க இந்தக் கைகள்தான் வேண்டும். அது ரைட்டருக்கும் தெரியும். கடைசியில் சாவியை மணைமேல் எறிந்துவிட்டுப் போனார். அதன்பின் அந்தப் பாலம் எழவேயில்லை. இப்போது போனாலும், சங்கிலி துருவேறி இறுகி, இறங்கியபடியே கிடக்கிறது.

அன்று எல்லோரும் சிரித்தார்கள், அத்தையைத் தவிர. பாவமாக இருந்தது. அவருடைய முந்தானையைப் பிடித்து, "இனிமே பாப்பாவ எப்ப வேணும்னாலும் ஊட்டுக்குக் கூட்டியாரலாமுங்க அத்தை" என்றேன்.

அவர் என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதார். ஜெயித்த பிறகு எதற்காக அழுகிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.