அக்கா திறக்க வைத்த பள்ளிக்கூடம்

போடிமெட்டுச் சாலையில் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, காலில் வார் அறுந்த செருப்பு. ஊரடங்கு போட்டதும் ஏலத்தோட்டத்தில் வேலையை நிறுத்தி எங்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். ஜீப்பும் இல்லை, பஸ்சும் இல்லை. என்னோடு ஏழெட்டுப் பேர் நடந்தார்கள். முதலாளியின் கார் மட்டும் பாஸ் ஒட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. ஊர் ஊராகத் திரிந்தவனுக்கு நடப்பது பெரிய காரியம் இல்லை. சிலமலையில் அக்கா வீடு இருக்கிறது என்ற தெம்பு வேறு.

அக்கா பிறந்தது ராசிங்காபுரத்தில். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் ஐந்தாம் வகுப்போடு நின்று, ஏலக்காய் பறிக்க மலைக்குப் போனார். அந்தக் கூலியில்தான் நான் எட்டாவது பாதிவரை படித்தேன். மீதிப் பாதியைப் படிக்காதது என் சொந்த முயற்சி. கல்யாணமாகி சிலமலைக்கு வந்தவர், பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் பல வருடம் சமைத்தார். அவர் சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

அந்த அக்கா என்னைத் தெருமுனையிலேயே மறித்தார்.

"அங்கனயே நில்லுடா! வீட்டுக்குள்ள காலு வச்ச, கொன்னுபுடுவேன்."

"நோய்க்குப் பயந்துட்டியாக்கா?"

"நோய்க்கு இல்லடா, நோட்டீசுக்கு."

வெளியிலிருந்து ஆள் வந்தால் வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். இரண்டு வாரம் அந்த வீட்டில் யாரும் வெளியே போகக் கூடாது. காரில் இறங்கிய முதலாளி வீட்டிலும் ஒட்டினார்கள். அவர் மேல்மாடியில் உட்கார்ந்து போனில் வியாபாரம் பார்த்தார். அக்கா வீட்டில் ஒட்டினால், அடுத்தவர் வயக்காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் மச்சானின் கூலி நின்றுவிடும், உலை வைக்க முடியாது. நோயும் ஒன்று, உத்தரவும் ஒன்று. வீடுதான் வேறு.

நோட்டீஸோடு கிராம அதிகாரி வந்தார். அக்கா விடவில்லை.

"சார், எங்க வீடு ஒத்த ரூமு. நாலு பேரு, ரெண்டு ஆடு. தம்பிய எங்க தனியா வைக்க?"

"ஆட்ட வெளிய கட்டும்மா."

"அப்ப மிச்சம் நாலு பேர எங்க கட்ட?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பள்ளிக்கூடம் சும்மாதான சார் பூட்டிக் கெடக்கு. தொறந்து விடுங்க. மலையில இருந்து வந்த எல்லாரும் அங்க இருக்கட்டும். நான் பொங்கிப் போடுறேன்."

"அரிசிக்கு மேல கேக்கணும்மா."

"கேளுங்க. போனு கையிலதான இருக்கு."

கேட்டார். சாயங்காலம் அரிசியும் பருப்பும் வந்தன. மேலே இருந்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் உத்தரவு போட்டிருந்தார்கள். ஒற்றை அறை வீடு அவர்கள் நினைப்பில் இல்லை. அக்கா சொன்ன பிறகு பக்கத்து ஊர்களிலும் பள்ளிக்கூடங்களைத் திறந்தார்கள்.

அக்கா போய் இன்றோடு ஓர் ஆண்டு. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே, பக்கத்துக் கட்டிலுக்கு வந்த கஞ்சி தண்ணியாக இருக்கிறது என்று நர்சம்மாவிடம் வாதாடி ஜெயித்தார். கண் துஞ்சாமல் கூட இருந்த மச்சானுக்கும், தெருக்காரர்களுக்கும், அன்று என்னோடு நடந்து வந்து பின்னாளில் அக்காவைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அன்று பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பறையில்தான் எனக்கு இடம் கிடைத்தது. விடிந்ததும் வாசல் கேட்டுக்கு வெளியே அண்டாவை இறக்கி வைத்துவிட்டு அக்கா கத்தினார்.

"எட்டாவதுல ஓடிப்போனவனே, வெரசா வா! உள்ள கொண்டுபோயி எல்லாருக்கும் ஊத்து."

"கூலி எவ்வளவுக்கா?"

"எல்லாரும் தின்னது போக மிச்சம்."

கரண்டியை எடுத்துக்கொண்டு வேலையில் சேர்ந்தேன்.