ஒரு நேரத்துக்கு ஒரு வீட்டுப் பிள்ளைகள்

மல்லிகா டீச்சர் இறந்த செய்தி எனக்குப் பேருந்தில் வந்தது. மலையிறங்கிக்கொண்டிருந்தோம். வளைவுக்கு வளைவு சிக்னல் அறுந்ததால், எங்கள் சத்துணவு அமைப்பாளர் சொன்னதை மூன்று அழைப்புகளில்தான் முழுதாகக் கேட்டேன். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆஸ்பத்திரி சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் பள்ளியில் அவர் விளையாட்டு ஆசிரியை, நான் கணக்கு. அவரை அறிந்து இன்று இங்கே கூடியிருக்கும் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. கொரோனா காலத்தில் கூட இருந்தவள் என்பதால் அதை மட்டும் சொல்கிறேன்.

பள்ளி பூட்டிக் கிடந்தபோது, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பண்ணைக்குட்டையில் வழுக்கி விழுந்து இறந்தாள். காட்டு வேலைக்குப் போன பெற்றோர் திரும்பும்வரை யாருக்கும் தெரியவில்லை. துக்கத்துக்குப் போய்வந்த டீச்சர், "பள்ளிக்கூடம் இருந்திருந்தா அவ பெஞ்சில இருந்திருப்பா" என்றார். ஊரடங்கு தளர்ந்ததும், மிளகுத் தோட்டம் ஒன்றில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் சிமெண்ட் தொட்டியில் நீச்சல் சொல்லிக்கொடுக்க உரிமையாளரிடம் சம்மதம் வாங்கினார்.

கூட்டம் சேரக்கூடாது என்று ஊராட்சியிலிருந்து ஒருவர் தடுக்க வந்தார்.

"கூட்டம் இல்லீங்க. ஒரு நேரத்துக்கு ஒரே ஊட்டுப் பிள்ளைங்கதான். அதுங்க ஊட்லயும் ஒண்ணாத்தானுங்க படுக்குது."

வந்தவர் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். மறுநாள் தன் மகள்கள் இருவரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஆளனுப்பினார்.

பிறர் பிள்ளையைத் தொடக்கூடாது. தொட்டுப் பிடிக்காமல் மிதக்க வைக்கவும் முடியாது. அதனால் தாய்மாரைத் தண்ணீரில் இறங்கச் சொன்னார். பாப்பாயி என்ற பெண் தொட்டி விளிம்பை விடவே இல்லை. தனக்கே நீச்சல் தெரியாதே என்றாள்.

"அப்ப மொதல்ல நீ மித, கண்ணு. பிள்ளை அப்புறம்."

பாப்பாயிக்கு ஒன்பது நாளானது. அவள் மகளுக்கு இரண்டே நாள்.

ஒருநாள் டீச்சருக்குக் காய்ச்சல். பரிசோதனை முடிவு வரட்டும், அதுவரை யாரிடமும் சொல்லாதே என்று அவர் கணவர் கேட்டுக்கொண்டார். நானும் அதையே சொன்னேன். சொன்னால் வகுப்பு நின்றுவிடும் என்று எங்களுக்குத் தெரியும்; அவருக்கும் தெரியும். அன்றே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தார். "எனக்குக் காய்ச்சலுங்க. நேத்து உங்க பிள்ளைக்குப் பக்கத்துல நின்னேன். பாத்துக்குங்க." இரண்டு வீட்டில் திட்டினார்கள். முழுதும் கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போன் போட்டார். மறுநாள் அவருக்குத் தொற்று உறுதியானது. பிள்ளைகள் யாருக்கும் வரவில்லை. ஆனாலும் வகுப்பு நின்றது.

குணமாகி ஒரு மாதம் கழித்து, சும்மா கிடக்கும் தொட்டியையாவது கழுவிவிடலாம் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார். தண்ணீருக்குள் பாப்பாயி நின்றிருந்தாள். அவள் கைகளின் மேல் தங்கை மகன் மல்லாந்து மிதந்தான். போனில் டீச்சரைத் திட்டிய வீட்டுப் பிள்ளை அவன் என்று முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை, டீச்சருக்குத் தெரிந்தது. கிட்டே போகாமல் வேலியோரமே நின்று பார்த்தார். "கழுத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கறா. சரியாயிரும்" என்று மட்டும் சொன்னார்.

போன வாரம் ஒரு மாணவியின் விடைத்தாளில் மதிப்பெண்ணைத் தப்பாகக் கூட்டியிருந்தேன். யாரும் கவனிக்கவில்லை, கேட்கவும் இல்லை. அவள் அம்மாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். மல்லிகா டீச்சரிடமிருந்து எனக்கு வந்தது அதுதான்.