கோலத்தில் தெரிந்த கோளாறு

அறுபதுகளின் நடுவில், ஒரு மார்கழிக் கடைசி. பம்பாய் தாராவியில் நான் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஒர்க்‌ஷாப் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஜாக்கி, நாலைந்து ஸ்பானர், மீதியெல்லாம் என் வாய்தான். வண்டி வரும் சத்தத்திலேயே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தேன்.

எனக்கு இருந்த ஒரே நிரந்தர வாடிக்கையாளர், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துத் தோல் வியாபாரி ஒருவர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய பிக்கப் வண்டி நேராகப் போக வேண்டுமானால், ஸ்டியரிங்கை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பியே பிடிக்க வேண்டும். ஸ்டியரிங் தொல்லை என்றால் முன்பக்கம்தானே? மூன்று வாரமாக முன்பக்கத்தையே கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். வண்டி அசைந்துகொடுக்கவில்லை.

“தம்பி, பொங்கலுக்குள்ள சரியாகலன்னா குர்லாவுல வேற மெக்கானிக்குட்ட கொண்டுபோயிருவேன், பாத்துக்கோ” என்றார் பாய். அவர் போய்விட்டால் எப்போதாவது வருகிற மற்றவர்களும் போய்விடுவார்கள். கொட்டகையைப் பூட்டிவிட்டுப் பழையபடி இன்னொருவரிடம் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் ஓட்டிப் பார்க்க வண்டியை எடுத்தேன். எங்கள் சந்தில் வாசலென்று தனியாக ஏது? தெருதான் வாசல். நம்மூர்ப் பெண்கள் தண்ணீர் தெளித்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கோலம் போட்டுவிடுவார்கள். கோலத்தைக் கண்டால் வண்டியை நிறுத்தி, குரல் கொடுத்து, அவர்கள் காட்டும் ஓரமாக உருட்டிப் போவதுதான் வழக்கம். கவலையில் அதை மறந்து, எதிர்வீட்டு அம்மாவின் தாமரைக் கோலத்துக்கு நடுவே நேராக ஏற்றிவிட்டேன்.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்த அம்மா வந்து நின்றார். “ஏன் அண்ணாச்சி, ஒரு தடவ ஏத்துனது போதாதுன்னு திரும்பி வந்து வேற ஏத்துனீயளாக்கும்?”

“ஒரு தடவதாம்மா வந்தேன்!”

“பொய் சொல்லாதீய. குனிஞ்சு பாருங்க, தடத்துக்கு மேல தடம் கெடக்கு!”

தப்பித்தால் போதும் என்றுதான் குனிந்தேன். குனிந்தவன் நிமிரவில்லை. முன் டயர் போன தடத்திலேயே பின் டயர் போயிருக்க வேண்டும். ஆனால் இரண்டு பக்கமும் பின் டயரின் தடம் நாலு விரல் இடப்பக்கமாகத் தள்ளி விழுந்திருந்தது. பிக்கப் மூன்று வாரமாக நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடியிருக்கிறது, நான் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஓடிப்போய்க் கயிறு எடுத்துவந்து முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை அளந்தேன். வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் இரண்டு விரல் அதிகம். அடியில் படுத்துப் பார்த்தால், இடப்பக்க ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட் முறிந்து, பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில் அந்தப் பக்கம் மட்டும் பின்னால் நகர்ந்திருந்தது. படுத்தபடியே சத்தமாகச் சிரித்தேன். கோலம் போனது போதாதென்று இவனுக்குப் புத்தியும் போய்விட்டது என்று அந்த அம்மா நினைத்திருப்பார்.

புது போல்ட் போட்டு, ஆக்ஸிலை இடத்தில் உட்காரவைத்து, பட்டைகளை இறுக்கி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. சோதித்துப் பார்க்கக் கோலப்பொடி கேட்டேன். முறைத்துக்கொண்டே கொண்டுவந்தவர், தெருவுக்குக் குறுக்கே தானே அகலமாகத் தூவிவிட்டார். சந்தே கூடிவிட்டது. மெதுவாக ஓட்டினேன். தடத்தின் மேலேயே தடம், பிசிறில்லாமல்! இரண்டு நாள் முன்னதாகவே பிள்ளைகள் “பொங்கலோ பொங்கல்” என்று கத்தினார்கள்.

அந்த நேரம் பார்த்து பாய் வந்தார். பக்கத்திலிருக்கும் சயான் வரை ஓட்டிவிட்டு வந்து இறங்கியவர் முகமெல்லாம் சிரிப்பு. “எப்படிப்பா கண்டுபிடிச்ச?” என்றார். அளக்க நல்ல சந்தர்ப்பம்தான். ஆனால் எதிரே அந்த அம்மா நிற்கிறாரே! நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப நாளைக்குக் கோலத்த நீங்கதான் போடணும், அண்ணாச்சி” என்றார் அந்த அம்மா.

மறுநாள் விடியலில் தெருவே சிரிக்க, நான் கோணல்மாணலாக ஒரு தாமரை போட்டேன். பாய் கடைசி வரை குர்லாவுக்குப் போகவில்லை. அன்றிலிருந்து யாராவது என்னைத் திட்டினால், எதிர்ப்பேச்சு பேசுமுன் அவர் கை காட்டும் இடத்தை ஒருமுறை குனிந்து பார்த்துவிடுகிறேன்.